தடயம் பேசும்: குற்றம் துலக்கிய அறிவியலின் கதை, கொங்கு நாட்டுக் கேள்விகளோடு

நான் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல். கோபி, பவானி, தாராபுரம் என்று கோர்ட் கோர்ட்டாகப் போய் வருகிறவன். கட்சிக்காரர்கள், உறவுக்காரர்கள், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தடய அறிவியல் பற்றி அதிகம் பேர் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

ஏனுங்க, தடய அறிவியல் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்ததுதானுங்களா?

ஆய்வகமும் மைக்ராஸ்கோப்பும் அவர்கள் காலத்தில் வந்தவை. ஆள் சொல்வதை அப்படியே நம்பாமல் பொருளைப் பார்த்து முடிவு செய் என்ற எண்ணம் அதைவிட ரொம்பப் பழையது. கண்ணகி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொற்கொல்லன் வாய்ச்சொல்லை நம்பிக் கோவலனை வெட்டினார்கள். அவன் கையில் இருந்த சிலம்பை ராணியின் சிலம்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ராணியின் சிலம்பில் பரல் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். அவள் அவையில் உடைத்துக் காட்டிய பிறகுதான் அரசனுக்கு அது தெரிந்தது. அந்த ஒப்பீட்டை வெட்டுவதற்கு முன் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். அந்தக் கண்ணகிக்குக் கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் விழா எடுத்தார்கள், அதன் பிறகு மழை தவறவே இல்லை என்று சிலப்பதிகாரத்தின் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவனுக்காக நின்றவளைக் கும்பிட்ட மண் இது. எனக்கு அதில் பெருமை உண்டு.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் சந்தேகச் சாவை ஆராய்வதற்கே ஒரு பகுதி இருக்கிறது. உடலில் எண்ணெய் தடவிக் காயங்களைத் தேடச் சொல்கிறது. கழுத்து நெரித்துக் கொன்றதையும் விஷம் வைத்துக் கொன்றதையும் எந்த அடையாளத்தால் பிரித்தறிவது என்று சொல்கிறது. தற்கொலை போலத் தெரிந்தாலும் அப்படியே விட்டுவிடாதே என்பதுதான் அதன் சாரம்.

1247-இல் சீனாவில் சொங் ட்சு என்ற நீதி அதிகாரி பிணப் பரிசோதனைக்கு ஒரு கையேடு எழுதினார். அதில் வரும் ஒரு சம்பவம் நம்மூர்த் தோட்டத்தில் நடந்தது போலவே இருக்கும். வழியோரம் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடந்தான். துணிமணி எதுவும் திருடு போகவில்லை, ஆக இது பகையால் நடந்த கொலை. காயம் அரிவாள் காயம். விசாரித்த அதிகாரி சுற்றுவட்டத்து ஆட்கள் எல்லோரையும் அவரவர் கதிரரிவாளைக் கொண்டு வரச் சொல்லி வெயிலில் வரிசையாக வைத்தார். எழுபது எண்பது அரிவாள்கள். அவ்வளவிலும் ஒன்றே ஒன்றின் மேல்தான் ஈ மொய்த்தது. கழுவித் துடைத்திருந்தான், ஆனாலும் ரத்த வாடை ஈக்குத் தெரிந்துவிட்டது. அரிவாள்காரன் தலையைத் தரையில் முட்டி ஒப்புக்கொண்டான்.

எங்க ஆத்தா காலத்துல மை போட்டுப் பார்த்தே திருடனைச் சொல்லிப்போடுவாங்களாம். அது?

வெற்றிலையில் மை தடவி "வடக்கே இருந்து வந்த ஆள், சிவப்பா இருப்பான்" என்று சொல்வார்கள். அந்த அடையாளத்துக்கு ஊரில் யாராவது ஒருவர் பொருந்தத்தான் செய்வார். பெரும்பாலும் பண்ணையத்தில் வேலைக்கு வந்த ஏழை ஆள் மேல்தான் பழி விழும். மை பார்த்தவரை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆய்வக அறிக்கை கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றி நான் கேள்வி கேட்கலாம். எனக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.

கைரேகையை வைத்து ஆளைப் பிடிப்பது எங்கே ஆரம்பித்தது?

நம் நாட்டில்தான். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ரோட்டுக்குக் கப்பி சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று பின்னால் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒப்பந்தத்தின் பின்பக்கம் அவர் உள்ளங்கையை மையில் ஒற்றிப் பதியச் சொன்னார். மிரட்டி வைக்கத்தான் செய்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வயசானாலும் ரேகை மாறுவதில்லை என்று கண்டார். 1877-இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவு, பென்ஷன், ஜெயில் மூன்றிலும் விரல் பதிவைக் கொண்டுவந்தார். இன்றைக்குக் காங்கேயத்திலோ பெருந்துறையிலோ ஒரு ஏக்கர் கிரயம் செய்யப் போனாலும் சார்பதிவாளர் முன்னால் பெருவிரலை வைக்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

குற்றவாளியைப் பிடிக்க ரேகை உதவும் என்று ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1880-இல் எழுதினார். பிரான்சிஸ் கால்டன் அதை ஆராய்ந்து 1892-இல் புத்தகமாக்கினார். அதே 1892-இல் அர்ஜென்டினாவில் இரண்டு குழந்தைகள் கொலையானார்கள். தாய், பழகிய ஒருவனைக் கை காட்டினாள். அவனைப் போலீஸ் சித்திரவதை செய்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் ரத்தம் தோய்ந்த பெருவிரல் பதிவு ஒன்று இருந்தது. அந்தக் கட்டைத் துண்டை அறுத்து எடுத்துப் போய் ஒப்பிட்டால், அது தாயின் விரல்.

ரேகை கிடைத்தாலும் ஆயிரக்கணக்கான அட்டைகளில் அது யாருடையது என்று எப்படித் தேடுவது? அதற்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. கல்கத்தாவில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சப் இன்ஸ்பெக்டர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள். பத்து விரல் ரேகைகளின் அமைப்பைப் பார்த்து 1,024 அறைகளில் ஒன்றில் அட்டையைப் போடும் முறை அது. 1897-இல் உலகின் முதல் கைரேகைக் கூடம் கல்கத்தாவில் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901-இல்தான் போனது. முறைக்குப் பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். உழைத்தவர்கள் இருவருக்கும் பட்டமும் சன்மானமும்தான் கிடைத்தன. பாடப் புத்தகத்தில் அவர்கள் பெயரும் வர வேண்டும் என்பது என் ஆசை.

1898-இல் ஜல்பைகுரி தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியில் பணம் இல்லை. அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் மங்கலாக ஒரு ரத்த விரல் பதிவு. பழைய திருட்டுக் கைதியான முன்னாள் வேலைக்காரனின் ரேகை அட்டையோடு அது ஒத்துப்போனது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. அவன் அங்கே இருந்தான் என்று ரேகை சொல்லும், வெட்டியது அவன்தான் என்று சொல்லாது. அந்த நீதிபதிகளின் நிதானத்தை நான் மதிக்கிறேன்.

எனக்கு ரேஷன் கடையில கைரேகையே விழுகறதில்லைங்க. திருடனுக்கு மட்டும் எப்படி விழுகுது?

இதைக் கேட்டவர் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். நூலும் சாயமும் சுண்ணாம்பும் மம்மட்டியும் விரலைத் தேய்த்துவிடும். தேய்வது மேல்தோல். ரேகையின் அச்சு உள்தோலில் இருப்பதால், வேலைக்கு ஓய்வு கொடுத்தால் திரும்ப வளர்ந்துவிடும். ரேஷன் கடை மெஷின் ஒரு நொடியில் படிக்கப் பார்க்கிறது. நிபுணர் ஒரு பதிவை மணிக்கணக்கில் லென்சில் பார்க்கிறார்.

பீரோக் கதவில் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அணில் முடியில் செய்த பிரஷ்ஷைப் பொடியில் மெல்லத் தோய்த்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒரே சுழலாகச் சுழற்றினார். வெறும் தகடாகத் தெரிந்த இடத்தில் வியர்வையும் எண்ணெயும் பொடியைப் பிடித்துக்கொண்டு, வரி வரியாக ஒரு விரல் மேலெழும்பி வந்தது. டேப் ஒட்டி எடுத்து அட்டையில் பதித்தார். காகிதமாக இருந்தால் பொடி இல்லை, நின்ஹைட்ரின் என்ற ரசாயனம். ரேகை கத்தரிப்பூ நிறத்தில் தெரியும்.

விஷம் வைத்துக் கொன்றால் கண்டுபிடிக்கவே முடியாதாமே?

ஒரு காலத்தில் அப்படித்தான். வெள்ளைப் பாஷாணம் என்கிற ஆர்சனிக்குக்கு நிறமில்லை, ருசியில்லை, சாவும் வாந்திபேதிச் சாவு போலவே இருக்கும். இங்கிலாந்தில் 1830-களில் ஒரு முதியவர் காபியில் விஷம் கலந்து கொல்லப்பட்டார். ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் சோதித்து ஆர்சனிக் என்று கண்டார். ஜூரி முன்னால் காட்டுவதற்குள் அந்தச் சான்று கெட்டு நிறம் மாறிவிட, குற்றம் சாட்டப்பட்ட பேரன் விடுதலையாகிப் பின்னால் தானே ஒப்புக்கொண்டான். மார்ஷ் அந்த ஆற்றாமையில் வேறு வழி தேடி 1836-இல் வெளியிட்டார். சந்தேகப்படும் பொருளோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்து எழும் வாயுவைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால், ஆர்சனிக் இருந்தால் கறுப்பாகக் கண்ணாடி போலப் படியும். அது கெடாது. 1840-இல், கணவனுக்கு ஆர்சனிக் வைத்ததாக மனைவி மேல் நடந்த பிரான்சின் லஃபார்ஜ் வழக்கு இந்தச் சோதனையை உலகம் அறியச் செய்தது.

இதற்குப் பின் பத்தாண்டுகூட ஆகாமல், 1849-இல், இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் சென்னையில் வந்தது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் முன்னால். அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது.

இப்போது எப்படி நடக்கிறது என்றால், போஸ்ட்மார்ட்டத்தில் இரைப்பையையும் அதில் இருப்பதையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலிலும், கல்லீரல் அரைக் கிலோ அளவும் இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதியும் இன்னொன்றிலும் எடுப்பார்கள். ரத்தம் தனி. கெடாமல் இருக்க, இதற்குமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர். ஊறுகாய் போடுகிற அதே அறிவுதான். பாட்டிலை முழுக்க நிரப்ப மாட்டார்கள், மூன்றில் இரண்டு பங்குதான், வாயு கிளம்பி மூடியைத் தள்ளிவிடும் என்பதால். அந்த உப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் தனியாகச் சீல் வைத்துப் போகும், விஷம் அதிலிருந்து வந்ததில்லை என்று காட்ட. கோர்ட்டில் இதை "விசரா" என்போம். விசரா ரிப்போர்ட் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

நம் பக்கத்துக்கென்றே இரண்டு விஷம் உண்டு. ஒன்று சாணிப் பவுடர். வாசல் தெளிக்கச் சாணி கிடைக்காத வீடுகளில் கரைத்துத் தெளிக்கும் மஞ்சள், பச்சைச் சாயம். மஞ்சளில் இருப்பது ஆரமின், பச்சையில் மாலக்கைட் கிரீன். இந்த விஷத்தைப் பற்றி வந்த மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் கோவை வட்டாரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவை. சாயம் என்பதால் சோதனையில் மறைய முடியாது. எவ்வளவு உயிர்களை இது கொண்டுபோயிருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மனசு உடைந்திருப்பவர் யாராக இருந்தாலும் 104-க்கோ 14416-க்கோ பேசலாம்.

இன்னொன்று மூலனூர், தாராபுரம் பக்கம் மருந்துக்காகப் பயிர் செய்யும் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள். இதில் உள்ள கால்சிசின் மூட்டுவலி மருந்தும்கூட. ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. சாவு விபத்தா, தானே தின்றதா, யாராவது கொடுத்ததா என்பதை ஆய்வகம் சொல்லாது. அதை விசாரணை அதிகாரிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிணற்றில் பிணம் கிடந்தால், விழுந்து செத்தாரா, செத்த பிறகு போட்டார்களா என்று தெரியுமா?

கிணறும் வாய்க்காலும் நிறைந்த ஊரில் இது வராமல் இருக்குமா? பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலோ கீழ்பவானியோ, தண்ணீரில் டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும். அதற்குக் கண்ணாடி போன்ற ஓடு. உயிரோடு மூழ்கியவர் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது அது நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து, இதயம் தள்ளத் தள்ள எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரும். செத்த பிறகு போட்டால் இதயம் ஓடாது, மஜ்ஜைக்குப் போகாது. மஜ்ஜையை அமிலத்தில் கரைத்தால் ஓடு மட்டும் மிஞ்சும். அதை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள டயாட்டத்தோடு ஒப்பிடுவார்கள்.

இதை மட்டும் வைத்துக் கொலை என்று சொல்லிவிட முடியாது. பாசி குறைவான கிணற்றில் உயிரோடு மூழ்கியவர் உடலிலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். நுரையீரல் வீக்கம், மூக்கில் நுரை, உடம்பில் காயம் எல்லாம் சேர்ந்துதான் டாக்டர் கருத்துச் சொல்வார். பிணத்தை எடுக்கும்போதே கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

டி.என்.ஏ. வந்த பிறகு எல்லாம் சுலபம்தானே?

1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டார். அந்த ஊர்ப் பக்கத்தில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு பதினேழு வயதுப் பையன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். ஜெஃப்ரீஸ் சோதித்தார்: இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் இந்தப் பையன் இல்லை. குற்ற வழக்கில் டி.என்.ஏ. முதலில் செய்த வேலை ஒரு நிரபராதியை வெளியே விட்டது! சுற்றுவட்டத்து ஆண்களிடம் ஆயிரக்கணக்கில் ரத்தம் எடுத்தும் கொலைகாரன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பித் தப்பினான். அனுப்பப்பட்டவன் கடைசியில் வாய்விட்டதால் கொலைகாரன் பிடிபட்டு 1988-இல் தண்டனை பெற்றான்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போனால் தலச்சேரி. இந்தியாவில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்று டி.என்.ஏ. மூலம் முதலில் தீர்ந்தது அந்த ஊர் வழக்கில்தான். 1989-இல், ஹைதராபாத் ஆய்வகத்தின் லால்ஜி சிங் சோதித்தார். தகப்பன் பெயர் மறுக்கப்பட்ட ஒரு குழந்தைக்குக் கிடைத்த நியாயம் அது.

கொங்கு நாட்டில் தடயம் தீர்த்து வைத்த வழக்கு?

கோகுல்ராஜ் வழக்கைச் சொல்ல வேண்டும். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன பட்டியலினத்து இளைஞர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டாகிக் கிடந்தார். தற்கொலைக் கடிதம் இருந்தது. ஆளும் வீடியோவில் பேசியிருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் கோப்பை மூடிவிடலாம். உடன் இருந்த தோழியே பிறழ்சாட்சியானார். நின்றது கோயில் கேமராவின் பதிவும் பிரேதப் பரிசோதனையும்தான். 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கோயிலுக்கே நேரில் வந்து கேமரா இருந்த இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் 2023-இல் தீர்ப்பு எழுதினார்கள். முதல் குற்றவாளியின் தண்டனை உறுதியானது. சாதியின் பெயரால் சாட்சிகளின் வாய் அடைந்த இடத்தில் கேமரா சாட்சி சொன்னது.

2016-இல் உடுமலை பஸ் நிலையம் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதும் கேமராவில் பதிவானது. வெட்டியவர்கள் தண்டனையிலிருந்து தப்பவில்லை. சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சங்கர் மனைவியின் தந்தையை 2020-இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் கேமரா பிடிக்கும், சதியைப் பிடிக்காது.

தமிழ்நாடு அளவில் என்றால் 1952-இன் ஆளவந்தார் கொலை வழக்கு. தலை ராயபுரம் கடற்கரையில், உடல் ரயிலில் ஏற்றிய டிரங்குப் பெட்டியில், மானாமதுரையில். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிறுவியது தடயவியல் மருத்துவம். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, குண்டு மாலையிலோ மேடையிலோ இல்லை, ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டையில் இருந்தது என்று துணித் துண்டுகளை ஒட்டிப் பார்த்துச் சொன்னவர் நம் மாநிலத் தடய அறிவியல் துறையின் பி.சந்திரசேகரன்.

உண்மை கண்டறியும் ஊசி போட்டுக் கேட்டுவிடலாமே?

கூடாது. சம்மதம் இல்லாமல் நார்கோ என்கிற இந்த ஊசி, பொய் கண்டறியும் பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை எதுவும் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மயக்கத்தில் பேசுவது வாக்குமூலமும் ஆகாது.

இந்த அறிவியல் தப்புப் பண்ணாதா?

பண்ணும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த ரேகை அமெரிக்க வக்கீல் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவரைப் பிடித்து வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் உண்மையான ஆளைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நிபுணர் சொன்னால் கேட்காதே என்று நான் சொல்லவில்லை, எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கச் சொல்கிறேன்.

ஆய்வகத்துக்குப் போகும் முன்பே நடக்கும் தப்புதான் அதிகம். என் சொந்த அனுபவம் ஒன்று. என் கட்சிக்காரர் ஒரு கூலித் தொழிலாளி. தன் சட்டையில் இருந்தது ஆட்டு ரத்தம் என்று முதல் நாளிலிருந்தே சொன்னார். ரத்தம் மனிதருடையதா, விலங்குடையதா என்று பிரிக்கும் சோதனை 1901-இலேயே வந்துவிட்டது. ஆனால் ஈரச் சட்டையை அப்படியே பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தார்கள். பெட்டி திறந்தபோது பூசணம் பூத்து நாறியது. "பிரித்தறிய இயலவில்லை" என்று அறிக்கை. கடைசியில் விடுதலையானார், இரண்டு வருஷம் கழித்து. காற்றில் உலர்த்திக் காகித உறையில் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இன்னும் அந்த நாற்றம் என் மூக்கில் இருக்கிறது.

புதுச் சட்டத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவுப்படி, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் முழுதாகக் கொண்டுவர அவகாசம் உண்டு. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றும்போதும் வீடியோ வேண்டும் என்கிறது 105-ஆவது பிரிவு. நல்ல சட்டம். ஆளும் வண்டியும் ஆய்வகமும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

தோட்டத்துச் சாளையில் ஏதாவது நடந்துவிட்டால் நாங்கள் முதலில் என்ன செய்ய?

தனித்தனித் தோட்டத்து வீடுகளில் வயசானவர்கள் மட்டும் இருக்கும் காலம் இது. இந்தக் கேள்வியை நிறையப் பேர் பயத்தோடுதான் கேட்கிறார்கள்.

உயிர் இருந்தால் முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள், தடயம் அப்புறம். 108, பிறகு 112. உயிர் இல்லை என்றால் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். நாம் செய்யும் பெரிய தப்பு பாசத்தில் செய்வது: ஓடிப் போய்க் கட்டிப் பிடிப்போம், "இப்படிக் கிடக்கறாங்களே" என்று சேலையைச் சரி செய்வோம், சாணி கரைத்து வாசலைக் கழுவிவிடுவோம். பங்காளிகள் ஐம்பது பேர் வந்து களத்தில் நின்ற பிறகு எந்தக் கால்தடம் யாருடையது?

வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். கட்டுத்தறிப் பக்கம் கயிறு கட்டி வழியை மறியுங்கள். மோட்டார் ரூம் கதவையும் குழாயையும் தொட வேண்டாம், ரத்தக் கையைக் கழுவியவன் அங்கேதான் போயிருப்பான். மழை வரும் போல இருந்தால் காலடித் தடத்தின் மேல் அன்னக்கூடையைக் கவிழ்த்து வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். சம்பவ இடத்தில் பார்த்ததையும் எடுத்ததையும் குறிக்கும் மகஜரைப் போலீஸ் எழுதும்போது கையெழுத்துப் போடச் சொன்னால், எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டு, பார்த்தது எழுதியிருந்தால் போடுங்கள். எடுத்த துணி எந்த உறையில் போகிறது என்று கேளுங்கள். பிளாஸ்டிக் என்றால், வீட்டில் இருக்கும் புது காக்கிக் கவர் இரண்டு எடுத்துக் கொடுங்கள்.